ரெண்டு நாப்பது

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. தெரியாமல் இல்லை. வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்த சின்ன அட்டையில் அதைப் போனபோதெல்லாம் வாசித்திருக்கிறேன். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல், வாரத்துக்கு மூன்று முறை அவள் முன்னால் போய் நின்றேன். ஒரு தடவைகூட அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் செய்த மரியாதையை அவளுக்கே திருப்பிச் செய்கிறேன், அவ்வளவுதான்.

அவள் எல்லோரையும் விநாடிக் கணக்கில்தான் கூப்பிடுவாள். சொரியாசிஸுக்கு லைட் வைத்தியம் எடுக்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு நேரம் உண்டு. முதல் நாள் முப்பது விநாடி. பிறகு தோல் தாங்கத் தாங்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். அன்றைக்கு யாருக்கு எவ்வளவு நேரமோ, அதுதான் அவருக்குப் பெயர். "ஒன்னு பத்து, உள்ள வாங்க" என்பாள். ரிட்டயர்ட் தாசில்தார் ஒருவர் எழுந்து போவார். "நாப்பத்தஞ்சு, செருப்ப வெளிய விடுங்க" என்பாள். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு போவாள். நான் உச்சத்தில் இருந்தபோது ரெண்டு நாப்பது. இரண்டு நிமிஷம், நாற்பது விநாடி. பத்துப் பேர் நடுவிலிருந்து அந்தப் பெயருக்கு எழுந்து போகும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயரைச் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும், நம்பரில் கூப்பிடுவது நமக்கு நல்லதுதானே என்று தாசில்தார் ஒரு முறை சமாதானம் சொன்னார். அவருக்கு நல்ல மனசு. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வேட்டவலம் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தத் தோல் கிளினிக். டாக்டர் அறைக்கு எதிரே லைட் ரூம். அதற்கு அவள்தான் சிஸ்டர். உள்ளே பீரோவை விட ஒரு சாண் உயரமான பெட்டி. கதவைத் திறந்தால் நாலு பக்கமும் ஆளுயர டியூப் லைட்டுகள். வெயிலில் இருக்கிற ஒரு கதிரை மட்டும் பிரித்து இந்த டியூப்பில் வைத்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். நமக்குத் தோல் அவசர அவசரமாக வளர்ந்து செதிலாகக் கொட்டுகிறதாம். இந்த வெளிச்சம் அதை நிதானப்படுத்துமாம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே நின்றால் கதவைச் சாத்துவாள். ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் வரும். சூடே தெரியாது. முடிந்ததும் டக்கென்று அணையும். வெளியே வருகிற எல்லோரிடமும் அவள் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்.

"இன்னிக்குத் தெரியாது. நாளைக்குத் தெரியும்."

சிவந்தாலும் எரிந்தாலும் மறுநாள்தான் காட்டும் என்று அர்த்தம். முதல் நாள் எனக்கு அது சாபம் மாதிரி இருந்தது. ஒரு நோயாளியை வழியனுப்ப வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா இவளுக்கு என்று நினைத்தேன்.

என் கையைப் பற்றிச் சொன்னால்தான் என் கோபம் புரியும். தேரடி வீதியில் எங்கள் வளையல் கடை இருக்கிறது. என் மாமியாருக்குப் பிறகு முப்பது வருஷமாக அதில் உட்கார்ந்து பெண்களுக்கு வளையல் போட்டுவிடுகிறவள் நான்தான். இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது, யார் சொல்கிற அளவையும் நம்பக் கூடாது என்பது. எல்லாப் பெண்ணும் தன் கை சின்னது என்றுதான் சொல்வாள். ரெண்டு ஆறு அளவுக் கைக்காரி ரெண்டு நாலு கேட்பாள். வாயைக் கேட்காமல் கையைப் பிடிக்க வேண்டும். கட்டை விரலின் அடிச் சதையை உள்ளே மடக்கி ஒரு அழுத்து அழுத்தினால் அளவு என் கைக்குத் தெரிந்துவிடும். கேட்டதை விட்டுவிட்டுச் சரியானதைப் போட்டு அனுப்புவேன். என்னிடம் கை நீட்டி ரத்தம் பார்த்தவள் கிடையாது.

அப்படிப்பட்ட எனக்கு முழங்கையில் ஒரு பொட்டு அளவுக்குச் சிவப்புத் திட்டு வந்தது. அதன் மேல் வெள்ளைச் செதில். சொறிந்தால் மாவு மாதிரி உதிரும். ஆறு மாதத்தில் அது இரண்டு கையிலும் இறங்கி மணிக்கட்டைத் தாண்டியது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வெளியூரிலிருந்து வருகிற பெண்கள் வளையலைத் தேர்ந்தெடுப்பார்கள், உட்காருவார்கள், கையை நீட்டுவார்கள். என் கையைப் பார்ப்பார்கள். "குடுங்க, நானே போட்டுக்கறேன்" என்பார்கள். ஒட்டுவாரொட்டி இல்லை, தொட்டால் வராது என்று ஒவ்வொருத்தியிடமும் நான் டாக்டர் சீட்டைக் காட்டிக்கொண்டிருக்க முடியுமா? கடைசியில் என் ஓரகத்தி முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் டப்பா எடுத்துக் கொடுத்தேன்.

இந்த நிலைமையில்தான் அவளிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவளிடம் முதலில் என் கண்ணில் பட்டது அவளுடைய மணிக்கட்டு. இரண்டும் மொட்டை. ஒரு வாட்ச்கூட இல்லை. குள்ளமான, தடித்த உருவம். நாற்பது வயதிருக்கும். அகலமான கட்டை விரல். அந்த விரல்தான் அவளுக்கு ஆயுதம். உள்ளே நுழைகிறவர் கையையோ முதுகையோ பிடித்து, அந்த விரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுப்பாள். அழுத்திய இடம் வெளுத்து, திரும்ப நிறம் வருவதைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். முன் தடவை வைத்த லைட்டில் தோல் சிவந்திருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடுமாம். பார்த்துக்கொண்டே "பழையபடி தானே?" என்று கேட்பாள். போன முறைக்கும் இந்த முறைக்கும் நடுவில் புது எண்ணெய், புது மாத்திரை, வெயில், எதுவும் இல்லையே என்று கேட்கிறாள். நாம் பதில் சொல்வோம். அவள் அதைக் காதில் வாங்க மாட்டாள். கேட்டது வாயை, பார்த்தது தோலை. அப்படியானால் எதற்குக் கேட்க வேண்டும்? ஒரு நாள் இதை அவளிடமே கேட்டேன்.

"என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சிக்கத்தான்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. பொய் சொல்கிறோமா என்று பரீட்சை வைக்கிறாளாம்.

முதல் நாள், கையில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். கைக்கு ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து வெறுங்கையாக இருந்ததில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் நல்லபடியாக இருக்கிறார், அவர் இருக்கும்போது நான் எதற்குக் கழற்ற வேண்டும்? வளையல்காரியே வளையலைக் கழற்றினால் ஊரில் யார் போடுவார்கள்? அவள் விவாதம் எதுவும் செய்யவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வளையல் முடிகிற இடத்தில் என் முன்கையைச் சுற்றி ஒரு கோடு போட்டாள். இரண்டு கைக்கும்.

"அப்போ கடைசி வரைக்கும் போட்டுக்கினேதான் வரணும். வளையல் இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. மேல இருக்கற தோலு லைட்டுக்குப் பழகிடும். வளையலுக்கு அடியில இருக்கறது பழகாது, அது பச்சப் புள்ள தோலு. நடுவுல ஒரு நாளு தொறந்து காட்டினீங்கன்னா வெந்துடும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் நான் நின்றதும் கையை உள்ளே விட்டு வளையலைப் பிடித்து அசைத்துப் பார்ப்பாள். அழிந்த கோட்டைத் திரும்பப் போடுவாள். பிறகுதான் கதவு. என் கையைப் பிடித்து ஒருத்தி அளவு பார்க்கிறாள் என்பதே எனக்கு அவமானமாக இருந்தது. முப்பது வருஷமாக அது என் வேலை.

எனக்கு மட்டும்தான் இந்த மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் பூஜை செய்கிற குருக்கள் ஒருவர் வருவார். அவருக்கு மார்பிலும் தோளிலும் திட்டு. பிரசாதம் வாங்கக் கை நீட்டுகிறவர்கள் அவர் தோளைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு தடவை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். எனக்கும் அதே கதைதான் என்பதால் எங்களுக்குள் ஒரு சிநேகம். ஒரு நாள் அவர் காலைப் பூஜை முடித்துக் குழைத்த விபூதி அழியாமல் வந்துவிட்டார். அவள் ஒரு பக்கெட்டையும் துண்டையும் கொடுத்து, கழுவிவிட்டு வரச் சொன்னாள். சாமி பிரசாதத்தைக் குழாயடியில் கழுவுவதா என்று அவர் தயங்கினார்.

"சாமி கோவிச்சுக்காது சாமி. லைட்டு கோவிச்சுக்கும்" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. விபூதிக்கு அடியில் வெளிச்சம் இறங்காது, இன்றைக்குப் பட்டை மறைத்த இடம் நாளைக்குத் திறந்தால் அது வேறு கணக்கு என்று பாடம் எடுத்தாள். அவர் கழுவிக்கொண்டு, ஈரம் சொட்ட, வெறும் தோளோடு பத்துப் பேர் நடுவில் நடந்து உள்ளே போனார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு அவர் ஒவ்வொரு முறையும் கழுவிக்கொண்டே வந்தார். அந்தத் தோள் சுத்தமாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பிடிக்காதவள் என்பதற்காக நடந்ததை மறைக்க முடியாது.

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு வெறும் பதினைந்து விநாடி. எங்களைவிடச் சீக்கிரம் சிவக்கிற தோல். ஒரு நாள் அவர் லைட் வாங்கிக்கொண்டு நேராகப் போய், பகல் வெயிலில் மேல்சட்டை இல்லாமல் மலையைச் சுற்றிவிட்டு வந்துவிட்டார். அடுத்த முறை கேட்டபோது, எப்போதும் போல்தான் இருந்தேன் என்று சைகையால் சொன்னார். அவள் முதுகில் விரலை வைத்தாள். அப்புறம் கதவைத் திறந்து வெளியே காட்டினாள். பத்து நாள் வரக் கூடாது என்று விரல்களை விரித்துக் காண்பித்தாள். சாமிக்காகத்தான் போனார் என்று அவருக்காக நான் பரிந்து பேசினேன்.

"மலை எங்கயும் போயிடாது. தோலு போயிடும்" என்றாள்.

இப்படித்தான். பக்தி, வயசு, உத்தியோகம், கண்ணீர் எதுவும் அவளிடம் செல்லாது. கம்மி பண்ணுவாள், ஜாஸ்தி பண்ண மாட்டாள். ஒரு வாரம் வரவில்லை என்றால் அடுத்த வாரம் விநாடியைக் குறைத்துவிடுவாள். சாண் ஏறினால் முழம் சறுக்கும். ஒரு சாவுக்குப் போய்விட்டு வந்தேன் என்று நான் அழாத குறையாகச் சொன்னபோதுகூட, ரெண்டு பத்தை ஒன்னு முப்பதாக எழுதிவிட்டு "உள்ள வாங்க" என்றாள்.

மூன்று மாதத்தில் ரெண்டு நாப்பதுக்கு ஏறினேன். முழங்கையிலிருந்து கோடு வரைக்கும் என் பழைய தோல் திரும்பி வந்துவிட்டது. தடவிப் பார்த்தால் வழவழவென்று இருந்தது. ராத்திரியும் பகலும் தடவிக்கொண்டே இருந்தேன். ஆனால் வளையலுக்கு அடியில் அப்படியே இருந்தது. நாலு விரல்கடை அகலத்துக்கு மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பு, அதன் மேல் வெள்ளைச் செதில். கழற்ற மாட்டேன் என்று வீம்பு பிடித்ததன் பலன். யாரைக் குற்றம் சொல்வது? வளையல் போடுகிறவளை எல்லோரும் எங்கே பார்ப்பார்கள், சரியாக அந்த இடத்தில்.

அந்தச் சமயத்தில்தான் ஆரணியில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மகளுக்கு ஏழாம் மாதம் பிறந்தது. வளைகாப்பு நம் வீட்டில். ஊரில் எத்தனையோ பேர் வீட்டு வளைகாப்புக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் வேப்பங்காப்பு, அப்புறம் கண்ணாடி வளையல். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்று வரிசை வரிசையாகப் போட்டுவிட்டு வருவேன். என் மகளுக்குப் போட வேண்டிய வளையலை அவள் கல்யாணத்தன்றே மனசுக்குள் எடுத்து வைத்துவிட்டேன். அப்போது சம்பந்தியம்மா போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. வளையல உங்க ஓரகத்தி போடட்டும். புள்ள வவுத்துல இருக்கற நேரம் பாருங்க" என்றார்.

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் கணக்குப் போட்டேன். இரண்டு வாரம் இருந்தது. கையில் ஒரு திட்டும் இல்லாமல் போய் நின்றால் யார் என்ன சொல்ல முடியும்?

அடுத்த முறை போனபோது அவளிடம் கெஞ்சினேன். வளையலைக் கழற்றிவிடுகிறேன், மணிக்கட்டுக்கும் லைட் கொடு என்றேன்.

"அந்த எடத்துக்கு முப்பது செகண்ட்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். ரெண்டு மாசம் ஆவும்" என்றாள்.

"ரெண்டு வாரம்தான் இருக்கு சிஸ்டர். பொண்ணுக்கு வளைகாப்பு. என்னைப் போடக் கூடாதுன்னுட்டாங்க."

அவள் என் கையை விடவில்லை.

"தலப் பிரசவமா?"

"ஆமா."

அத்தனை மாதத்தில் தோலைப் பற்றி இல்லாமல் அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். ஆனாலும் மாட்டேன் என்றுதான் சொன்னாள். அவசரப்பட்டால் ஆகாது என்றாள். கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் என் கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, அதே பச்சையில் இரண்டு அளவு பெரியதாக ஒரு டஜன் ஒரு டஜன் எடுத்துப் போட்டுக்கொண்டேன். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் தூக்கினால் முன்கையில் பாதி தூரம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். கழற்றினால்தானே தப்பு? நான் கழற்றவில்லை. ஏற்றினேன். வளையல்காரிக்குத் தெரியாத வித்தையா?

பெட்டிக்குள் போய் நின்றேன். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அவள் கை உள்ளே வரும், வளையலை அசைக்கும், அளவு பெரிதென்று தெரிந்துவிடும். என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கை வரவில்லை.

"பழையபடி தானே?" என்று குரல் மட்டும் வந்தது.

"பழையபடிதான் சிஸ்டர்." கையை ஆட்டினேன். வளையல் சத்தம் நன்றாகவே கேட்டது.

"சரி. நில்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது. நான் இரண்டு கையையும் உயரத் தூக்கினேன். வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்து மணிக்கட்டு திறந்துகொண்டது. இரண்டு நிமிஷம் நாற்பது விநாடியும் அந்த ஊதா வெளிச்சத்தில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். சூடே தெரியவில்லை. வெளியே வரும்போது அவள் வழக்கம் போல, இன்றைக்குத் தெரியாது, நாளைக்குத் தெரியும் என்றாள்.

நாளை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சாயங்காலமே காந்தத் தொடங்கியது. மறுநாள் காலையில் இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்ட மாதிரி வட்டமாகக் கொப்புளம். தண்ணீர் பட்டால் உயிர் போனது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு முழு விஷயமும் நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை போய்க் கையை நீட்டினேன். வரிசையாக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள். விரலை வைக்கவில்லை. கொப்புளம் மேலே எங்கே முடிகிறதோ சரியாக அங்கே அவள் போட்ட பேனாக் கோடு மங்கலாக இருந்தது. நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளாக அவள் வாயிலிருந்து திட்டுவதற்கான வார்த்தை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்கு நானும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"உங்கள நம்புனது என் தப்பு" என்றாள்.

எல்லோர் முன்னாலும் சொன்னாள். பிறகு டாக்டர் அறைக்குள் போனாள். கதவு திறந்தே இருந்தது. வெள்ளிக்கிழமை வளையலைச் சரிபார்க்காமல் மெஷினைப் போட்டது நான்தான் என்று அவள் சொல்வதும், டாக்டர் அவளைச் சத்தம் போடுவதும் எங்களுக்குக் கேட்டது. நான் பொய் சொன்னதை அவள் சொல்லவில்லை.

இதைக் கேட்டு என் மனசு இளகியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்கு இன்னும் வெறுப்புதான் வந்தது. குருக்களை நம்பவில்லை, தாசில்தாரை நம்பவில்லை, மலை சுற்றிவிட்டு வந்தவரை நம்பவில்லை. நாற்பது தடவை என் கையைப் பிடித்துப் பார்த்தாளே, இன்னும் ஒரே ஒரு தடவை பிடித்துப் பார்க்க என்ன கேடு? பரிதாபப்பட்டு விட்டுவிட்டாள். அவளுடைய பரிதாபத்தை யார் கேட்டது? அவள் என்னை நம்பாமல் இருந்த நாட்களை எல்லாம் மன்னித்துவிடலாம். நம்பிய அந்த ஒரு நாளை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வளைகாப்பு நடந்தது. கொப்புளம் ஆறிய இடத்தில் முன்னைவிட அதிகமாகத் திட்டு கிளம்பியிருந்தது. காயம் பட்ட இடத்தில் இந்த நோய் புதிதாக முளைக்குமாம். நான் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு கதவோரமாக நின்றேன். என் மகள் மணையில் உட்கார்ந்து, கன்னத்தில் சந்தனத்தோடு, என்னைப் பார்த்து வலது கையை நீட்டினாள். நான் தலையை ஆட்டினேன். அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் என் ஓரகத்தி அந்தக் கையைப் பிடித்து முதல் வளையலை ஏற்றினாள். அளவு சரியாகத்தான் இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்த மாடிக்கே திரும்பிப் போனேன். எங்கள் ஊரில் அப்போது வேறு எங்கும் அந்த மெஷின் இருந்ததாகத் தெரியவில்லை. இந்த முறை வளையல்களை நானே வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். வெறுங்கையாக அவள் முன்னால் நின்றேன். அவளும் வெறுங்கை. "முப்பது, உள்ள வாங்க" என்றாள். அதன் பிறகு ஒரு நாளும் கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் அவள் கதவைச் சாத்தியதில்லை. நாங்கள் வேறு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

முப்பது ஐம்பதாகி, ஒன்னு இருபதாகி, கை பாதி தெளிந்திருந்த நேரம். ஒரு பௌர்ணமி, வியாழக்கிழமை. ஓரகத்திக்குக் காய்ச்சல் என்பதால் கடையில் நான்தான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் எல்லோரும் வளையலை வாங்கித் தாங்களே மாட்டிக்கொண்டு போனார்கள். அப்போது அவள் வந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்த நெரிசலில் வந்து, எனக்கு நேரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"பச்சையில ஒரு டஜன் போடுங்க. ரெண்டு நாலு."

தோல் டாக்டர் கிட்ட இருக்கிற சிஸ்டர் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் அந்தக் கையைப் பார்த்தேன். இத்தனை நாள் என்னைப் பிடித்த கை. அகலமான புறங்கை, அந்தத் தடித்த கட்டை விரல். பிடித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. ரெண்டு ஆறு, அதற்குக் குறைந்து போகாது. முப்பது வருஷத்தில் எந்தப் பெண் சொன்ன அளவையும் நான் நம்பியதில்லை. அன்றைக்கு அவளை நம்பினேன்.

ரெண்டு நாலை எடுத்தேன். கட்டை விரலின் அடியை மடக்கி அழுத்தி, ஒவ்வொன்றாக ஏற்றினேன். நாலாவது வளையல் உடைந்து கீறியது. அதையும் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை ஏற்றினேன். புறங்கையெல்லாம் சிவந்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பவில்லை, ஒரு சத்தம் போடவில்லை. எல்லோரும் பார்க்கும்படி என் கைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டஜன் முடிந்ததும் எழுந்து போய்விட்டாள். அவள் எழுந்த ஸ்டூலில் வந்தவாசியிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்தாள். கொஞ்சம் முன்னால்தான் நானே போட்டுக்கறேன் என்று வளையலை வாங்கிக்கொண்டவள். இப்போது தயங்காமல் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அன்றைக்கு விளக்கு வைக்கிற வரைக்கும் எனக்கு நிமிர நேரமில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அத்தனை கைகளைப் பிடித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "ஒன்னு முப்பது, உள்ள வாங்க" என்றாள். போய்க் கையை நீட்டினேன். விரலை வைத்து அழுத்தினாள். அவள் கையில் வளையல் இல்லை. மணிக்கட்டிலும் புறங்கையிலும் சிவப்புச் சிவப்பாகக் கன்றி, இரண்டு இடத்தில் கீறல் காய்ந்திருந்தது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"உங்க அளவு ரெண்டு ஆறு" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

தெரிந்தேதான் நீட்டியிருக்கிறாள். நான் பெட்டிக்குள் போய் நின்று கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

"பழையபடி தானே?" என்று கேட்டாள்.

"பழையபடிதான்" என்றேன்.

அவள் கையை உள்ளே விட்டு, என் இரண்டு மணிக்கட்டையும் தடவிச் சரிபார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.